எந்தப் பூனை, எங்கே, எப்போது: குலசைக் கரையில் பூனைப் பதிவேடு

வெளியே திரியும் பூனைகளைப் பற்றி ஊர்மக்களிடமிருந்தே தகவல் திரட்டி, அதை வைத்து வளர்ப்புப் பிராணிகளையும் காட்டுயிர்களையும் காக்கும் முறை ஆஸ்திரேலியாவில் சுமார் பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. ‘ஃபெரல்கேட்ஸ்கேன்’ என்ற செயலியில் யார் வேண்டுமானாலும் பூனையைக் கண்ட இடத்தையும் நேரத்தையும் பதியலாம், படமும் ஏற்றலாம். உள்ளாட்சிகளும் நிலவுடைமையாளர்களும் கூண்டை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க அந்த வரைபடம் உதவுகிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், திருச்செந்தூருக்கும் மணப்பாட்டுக்கும் இடையே கிடக்கும் குலசேகரன்பட்டினம் (சுருக்கமாகக் குலசை) போன்ற ஓர் ஊரில் அதே முறை எப்படி அமைய வேண்டும் என்பது வேறு கேள்வி. குலசைக்காரர்கள் பூனையை விரட்டுகிறார்கள், வளர்க்கிறார்கள், மீன்தலை போடுகிறார்கள். எழுதி வைப்பதில்லை.

பூனையால் ஏற்படும் சேதம் உலக அளவில் ஓரளவு கணக்கிடப்பட்டிருக்கிறது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, முற்றாக அழிந்துபோன பறவை, பாலூட்டி, ஊர்வன இனங்களில் 63-இன் அழிவில் பூனைக்குப் பங்கு உண்டு என்றது. 2023-ல் வந்த இன்னொரு தொகுப்பு, பூனை தின்பதாகப் பதிவான இனங்களை 2,084 என எண்ணியது. அவற்றில் 347 பாதுகாப்புக் கவலைக்குரியவை. அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகள் பூனைக்குப் பலியாகின்றன என்பது 2013-ஆம் ஆண்டின் மதிப்பீடு.

இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து குலசையை ஒட்டிய செம்மணல் தேரிக்காட்டில் இறக்கிவிட முடியாது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் பூனை ஐரோப்பியக் கப்பலில் வந்திறங்கிய விலங்கு. அங்குள்ள உயிர்கள் பூனை மாதிரியான வேட்டைக்காரனை அதற்கு முன் அறியாதவை. தமிழகத்தின் பறவைக்கும் ஓணானுக்கும் பூனை புதிதில்லை. வீட்டுக் கோழியைத் தேடி இரவில் வரும் வெருகு (காட்டுப்பூனை) சங்கப் பாடல்களிலேயே நடமாடுகிறது. ஆக இங்கே பூனை என்ற விலங்கால் பெரிய தொல்லை இல்லை, அதன் எண்ணிக்கையால்தான் தொல்லை. காட்டில் வாழும் பூனையின் தொகை இரை கிடைப்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். எலி குறைந்தால் பூனையும் குறையும். மனிதர் போடும் சோற்றிலும் மீனிலும் பிழைக்கும் பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஓணான் முழுக்கத் தீர்ந்துபோனாலும் அது பட்டினி கிடக்காது. வயிறு நிறைந்திருந்தாலும் அசையும் சிறு உயிரைக் கண்டால் பாயும். பசி வேறு, பாய்ச்சல் வேறு.

மீன்பிடிக் கரையில் இந்தக் கணக்கு இன்னும் சாய்ந்துவிடுகிறது. வள்ளமும் பைபர் படகும் கரையேறும் இடத்தில் கழிவு மீன், குடல், தலை எல்லாம் மணலிலேயே கிடக்கின்றன. கருவாடு காயும் களத்தில் காவலுக்கு ஆள் வேண்டியிருப்பதே பூனைக்கும் காக்கைக்கும் நாய்க்கும்தான். பெட்டைப் பூனை ஆறு மாதத்திலேயே சினையாகிவிடக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். தீனி குறையாவிட்டால் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை. தசராவில் முத்தாரம்மன் கோயிலைச் சுற்றிக் கூடும் கூட்டம் விட்டுச்செல்லும் எச்சிலும் அந்தக் கணக்கில் சேரும். கரையில் பெருகும் பூனை கரையோடு நின்றுவிடுவதில்லை. ஊருக்கு மேற்கே செம்மணல் தேரி தொடங்குகிறது. உடைமரமும் பனையும் வடலியும் கொல்லாமாந் தோப்பும் கலந்த அந்த நிலத்துக்கும் கடற்கரைக்கும் நடுவே பூனைக்கு ஓர் இரவு நடைதான்.

அந்த நிலத்தில் யார் பலியாகக்கூடும் என்று பார்த்தால், கண்ணில் படாதவைதான் முதலில் வரும். தென் தமிழகக் கடலோரச் சமவெளியிலிருந்து 2016-ல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட விசிறித்தொண்டை ஓணானுக்கு ‘சிட்டானா மருதம்நெய்தல்’ என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். திணைப்பெயர் தாங்கிய ஓணான் உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. விசிறித்தொண்டை ஓணான்களில் ஆண், இனச்சேர்க்கைக் காலத்தில் திறந்த வெளியில் தொண்டைச் சவ்வை விரித்து ஆடிக் காட்டும். பெட்டையின் கண்ணில் படும் அதே இடத்தில் பூனையின் கண்ணிலும் படும். கடற்கரையிலும் உப்பளத்து ஓரத்திலும் வாழும் அனுமன் உப்புக்கொத்தி, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டுமே இனப்பெருக்கம் செய்வது. 2023-ல்தான் தனி இனம் என்று நிறுவப்பட்டது. வெறும் மணலில் சின்னக் குழி பறித்து அதில் முட்டையிடும். குஞ்சு பொரித்த நாளிலேயே நடக்கும், ஆனால் பறக்கப் பல வாரம் ஆகும். ஆட்காட்டி, கௌதாரி, காடை ஆகியவற்றின் கதையும் ஏறத்தாழ அதுதான். ஆமை முட்டையை இந்தப் பட்டியலில் முன்னால் வைக்கத் தேவையில்லை. பங்குனி ஆமையின் குழியைத் தோண்டுவதில் நாயும் நரியும்தான் முந்துகின்றன.

பூனை வளர்ப்பவர்கள் ‘எங்கள் பூனை ஒன்றையும் பிடிப்பதில்லை’ என்று சொல்வது பெரும்பாலும் உண்மையான நம்பிக்கை, தவறான தகவல். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 55 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. அவற்றில் 44 விழுக்காடு வேட்டையாடின. பிடித்தவற்றில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தன, பாதியைப் பிடித்த இடத்திலேயே போட்டுவிட்டன, மீதியைத் தின்றுவிட்டன. அதிகம் பலியானவை ஊர்வன. எனவே வாசலில் கிடக்கும் இறகை மட்டும் எண்ணினால் சேதம் குறைத்தே தெரியும். தேரியில் செத்த ஓணானை எண்ணுவார் யார்?

தகவல் திரட்டுவதில் இந்தக் கரைக்கே உரிய பெரிய சிக்கல் அடையாளம். ஆஸ்திரேலியாவில் பூனை மாதிரி தெரிவது ஏறத்தாழ எப்போதும் வீட்டுப் பூனை இனமே, ஏனென்றால் அந்தக் கண்டத்தில் வேறு பூனையினம் கிடையாது. தமிழகத்தில் அப்படியில்லை. புதர்க்காட்டிலும் வயலோரத்திலும் வாழும் காட்டுப்பூனைக்குத் தேரி பொருத்தமான இடம். துருப்புள்ளிப் பூனை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. இருட்டில் வீட்டுப் பூனையின் வளர்ந்த குட்டி என்றே தோன்றும். பனங்காட்டில் மரநாயும் உண்டு, புனுகுப் பூனையும் உண்டு. அவை பூனைக் குடும்பமே அல்ல. ‘நேற்று ராத்திரி ஒரு பெரிய பூனை கோழிக் கூட்டை உலுக்கியது’ என்று ஒருவர் சொன்னால் அது இந்த ஐந்தில் எதுவாகவும் இருக்கலாம். ஒன்றைத் தவிர மற்றவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. துருப்புள்ளிப் பூனை அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை வேட்டையாடினால் குறைந்தது மூன்றாண்டு சிறை. காட்டுயிரைக் காக்கவென்று தொடங்கிய பதிவேடு காட்டுப்பூனையைப் பிடித்துக் கொடுக்கும் பட்டியலாக மாறிவிடும் ஆபத்து இங்கே உண்மையானது. எலியைத் தின்று உழவருக்கு உதவும் விலங்கு அது என்பதால் நட்டம் இரட்டிப்பாகும்.

பிரித்தறிய முடியாத விஷயமும் அல்ல இது. காட்டுப்பூனையின் கால் நீளம், வால் குட்டை. வால் நுனிப்பக்கம் கருவளையம் இருக்கும், காது நுனியில் சிறு மயிர்க்கற்றை நிற்கும், உடம்பில் புள்ளியோ பட்டையோ தெளிவாக இராது. மரநாய்க்கு நீண்ட மூக்கும் உடம்பளவு வாலும். மரத்தில் இருக்கும்போது வேறெதோடும் குழப்ப முடியாது. இதெல்லாம் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவர்களைவிட ஏற்கெனவே தெரிந்தவர்கள் குலசைக்கு அருகிலுள்ள உடன்குடிப் பக்கத்தில் அதிகம். விடியுமுன் பனையேறிப் பதநீர் இறக்கி விடிலியில் காய்ச்சுகிறவருக்குக் கலயத்தில் வாய் வைத்தது மரநாயா வேறொன்றா என்று கேட்கவே வேண்டியதில்லை. ஆடு மேய்ப்பவர், தோப்புக் காவலர், கரையில் வலை பிரிப்பவர் என ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொழுதில் ஒவ்வோர் இடத்தைப் பார்க்கிறார்கள். செல்பேசி வைத்திருக்கும் கல்லூரி மாணவரை மட்டும் நம்பும் பதிவேடு, விளக்கு எரியும் தெருப்பூனைகளை நூறு முறை எழுதிவிட்டுத் தேரியில் ஒன்றும் இல்லை என்று காட்டும்.

அந்தக் கோணல் எல்லா மக்கள் பதிவேட்டிலும் உண்டு. தகவல் வந்த இடம் பூனை இருக்கும் இடத்தைக் காட்டுவதைவிட ஆள் இருக்கும் இடத்தைத்தான் காட்டுகிறது. இந்தியாவில் நாய்களைப் பற்றி நடந்த ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. சந்திரிமா ஹோம், யஷ்வீர் பட்நாகர், அபி தமீம் வனக் ஆகியோர் நாடு முழுவதும் இணையவழியில் கேட்டுத் திரட்டிய தகவல்களின்படி, நாய்கள் 80 காட்டுயிர் இனங்களைத் தாக்கியதாகப் பதிவாயிற்று. அவற்றில் 31 அழிவாபத்துப் பட்டியலில் உள்ளவை. அது எத்தனை நாய் எத்தனை மானைக் கொன்றது என்று சொல்லவில்லை, சொல்லவும் முயலவில்லை. எங்கெங்கே எந்தெந்த இனத்துக்கு ஆபத்து என்பதைத் தெரியவைத்தது. மக்கள் பதிவேட்டிடம் எதிர்பார்க்க வேண்டியதும் அந்த அளவுதான்.

எண்ணிக்கையே வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு, பூனை தன் தோலிலேயே அடையாளம் சுமந்து திரிவதால். ஒரு தெருவில் முதல் வாரம் 20 பூனைகள் படத்தில் விழுகின்றன என்று கொள்வோம். அடுத்த வாரம் 24 விழுகின்றன. அவற்றில் 12 போன வாரம் பார்த்தவை. இரண்டாம் வாரம் பார்த்ததில் பாதி தெரிந்த முகம் என்றால் முதலில் பார்த்த 20-உம் மொத்தத்தில் பாதியாக இருக்கும். ஆக ஏறத்தாழ 40 பூனைகள். நிறமே பால் சொல்லும். கறுப்பு, செம்பழுப்பு, வெள்ளை மூன்றும் கலந்தது ஏறத்தாழ எப்போதும் பெட்டை. முழுச் செம்பழுப்பு ஐந்தில் நாலு கடுவன். அந்த நிறத்தின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். இடது காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை ஆனது என்பது பல நாடுகளில் வழங்கும் குறி. கழுத்துப்பட்டை உண்டா, முலை தொங்குகிறதா, கூட குட்டி இருக்கிறதா, ஆளைக் கண்டால் ஓடுகிறதா நிற்கிறதா என்ற நாலைந்து விவரம் போதும். ‘பூனைத் தொல்லை தாங்கவில்லை’ என்ற புகாரைவிட அது பல மடங்கு பயன் தரும்.

வளர்ப்புப் பிராணிகளுக்கு இதில் என்ன பங்கு என்றால், முதல் பலன் வீட்டுப் பூனைக்கே. பூனைக்குடல் வைரஸ் நோய், சளிக்காய்ச்சல், கடுவன்கள் சண்டையில் கடித்துப் பரப்பும் எதிர்ப்பாற்றல் குறைபாட்டு நோய் ஆகியவை வெளிப்பூனையிடமிருந்துதான் வீட்டுக்கு வருகின்றன. ஒரே தெருவில் அடுத்தடுத்துக் குட்டிகள் சாவது பதிவேட்டில் தெரிந்தால் தடுப்பூசியோடு மருத்துவர் வரும் நேரம் அது. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் வீட்டுப் பூனைகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, செத்த பூனையைப் பற்றிய தகவலுக்கும் மதிப்பு உண்டு என்பது தெரிந்தது. வெறிநோயைப் பரப்புவதில் நாய்க்குத்தான் முதலிடம். ஆனாலும் பூனை கடித்தாலும் பிறாண்டினாலும் அதே ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனைக் குடும்பத்தின் குடலில் மட்டுமே முழு வளர்ச்சி பெறுவது. கர்ப்பிணிகளை மருத்துவர் எச்சரிப்பது அதனால்தான். மலத்தோடு மழைநீரில் கலந்து அது கடலுக்கும் போகும். கலிபோர்னியாவில் கடல்நீர்நாய்களும் ஹவாயில் துறவி சீல்களும் அதனால் செத்திருக்கின்றன. கடற்பசு வாழும் மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

சட்டத்தை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி பூனையைக் கொல்வதும் துன்புறுத்துவதும் குற்றம். 2001-ல் வந்த கருத்தடை விதிகளின் தலைப்பிலேயே நாய் மட்டும் இருந்தது. 2023 மார்ச்சில் அதற்குப் பதிலாக வந்தவை ‘பிராணிகள் கருத்தடை விதிகள்’. பொறுப்பு உள்ளாட்சியுடையது. மும்பை மாநகராட்சி 2019-லேயே தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கியது. மாநகராட்சிக்கு இருக்கும் அறுவை அரங்கும் கூண்டும் மருத்துவரும் ஊராட்சிக்கு இல்லை என்பதுதான் நடைமுறைத் தடை. 1962 என்ற எண்ணை அழைத்தால் வரும் கால்நடைத் துறை ஊர்தியும் நோயுற்ற மாட்டுக்கு வந்தே பழகியது.

தமிழர் வாழும் சிங்கப்பூர் வேறொரு முனையிலிருந்து தொடங்கியது. வீட்டுவசதிக் கழக அடுக்ககங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பூனைக்குத் தடை இருந்தது. அப்படியும் பலர் வளர்த்தார்கள், கணக்கில் வராமல். 2024 செப்டம்பர் 1 முதல் ஒரு வீட்டுக்கு இரண்டு பூனை வரை அனுமதித்து, உரிமமும் தோலடிச் சில்லும் கட்டாயமாக்கினார்கள். சன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார்கள். உடைமைப் பூனை எது, ஊர்ப்பூனை எது என்று பிரித்துவிட்டால் மிச்சத்தைப் பிடித்துக் கருத்தடை செய்து வீடு தேடித் தருவதோ திரும்ப விடுவதோ எளிதாகிறது. குலசையில் ஓட்டு வீட்டுக்கு வலை அடிப்பது நடக்காத காரியம். பூனையை அந்திக்குமேல் உள்ளே வைத்துக் கதவடைப்பது நடக்கும். அதுவும் உப்புக்கொத்தி முட்டையிடும் மாதங்களிலாவது. இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிச் சத்து மிகுந்த தீனி கொடுத்த வீடுகளுக்குப் பூனை கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாளுக்குச் சில நிமிடம் அதோடு விளையாடியதில் 25 விழுக்காடு குறைந்தது. கழுத்து மணியால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. மணி கட்டும் யோசனைக்கு எலிகள் காலத்திலிருந்தே இருக்கும் மரியாதைக்கு இது சற்றுக் குறைவுதான்.

கருத்தடையும் தனியாக நின்று வேலை செய்யாது. ஒரு கூட்டத்தில் முக்கால்வாசிக்கு ஆண்டுதோறும் செய்துகொண்டே போனால்தான் தொகை இறங்கும் என்பது கணிதமாதிரிகள் தரும் விடை. பத்துப் பூனைக்குச் செய்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் மீதிப் பூனைகளின் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பிவிடும். கரையில் கழிவு மீன் கிடக்கும்வரை வெளியூர்ப் பூனையும் வரும். பதிவேட்டிலிருந்து கிடைக்கும் முதல் பயனுள்ள முடிவு பெரும்பாலும் பூனையைப் பற்றியதாகவே இராது: எந்த இறங்குதளத்துக்கு மூடியுள்ள தொட்டி வேண்டும், எந்தக் கருவாட்டுக் களத்தின் கழிவை அன்றன்றைக்கு அள்ள வேண்டும் என்பதாக இருக்கும்.

பதிவேட்டை யார் பார்க்கலாம் என்பது வேறொரு கவலை. கோழிக்குஞ்சைப் பறிகொடுத்தவர் பூச்சிமருந்து தடவிய மீனை வைப்பது நாட்டுப்புறத்தில் நடக்காததல்ல. அதைத் தின்பது பூனை மட்டுமல்ல. கீரி, காக்கை, மயில், பக்கத்து வீட்டு நாய் எல்லாம் தின்னும். பூனை படுக்கும் இடத்தைத் துல்லியமாகப் பொதுவில் காட்டும் வரைபடம் அந்தக் கைக்கு வழிகாட்டி ஆகிவிடும். தெருவளவுக்கு மேல் நுணுக்கமாகக் காட்டாமல், சரியான புள்ளியைக் கால்நடை மருத்துவரும் வனத்துறையும் மட்டும் பார்க்கும்படி வைப்பது நல்லது. காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை பற்றிய தகவலை வெளியே காட்டவே தேவையில்லை.

ஒரே ஒரு பூனையைப் பற்றிய ஒரே ஒரு தகவலுக்கு உச்ச மதிப்பு இருப்பது தீவில். தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் பரவிக் கிடந்தன. விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் முன்பே நீருக்கடியில் போய்விட்டன. வான் தீவு, காசுவார், காரைச்சல்லி ஆகியவை தூத்துக்குடிக்கு அருகில் உள்ளவை. தீவில் பூனை புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் மரியன் தீவு பாடமாக நிற்கிறது. 1949-ல் வானிலை நிலையத்து எலிக்காக ஐந்து பூனைகளைக் கொண்டுபோனார்கள். 1970-களில் அவை ஆயிரக்கணக்கில் பெருகி, ஆண்டுக்குச் சுமார் நாலரை லட்சம் கடற்பறவைகளைத் தின்றன. நோய்க்கிருமியைப் பரப்பியும் சுட்டும் பொறிவைத்தும் கடைசிப் பூனையை ஒழிக்க 1991 ஆயிற்று. நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவில் 1894-ல் கலங்கரை விளக்கத்துக்கு ஆள் குடியேறியதோடு பூனையும் வந்தது. பறக்க இயலாத சிறு குருவியினம் ஒன்று அடுத்த சில ஆண்டுகளில் ஒழிந்தது. கலங்கரை விளக்கக் காப்பாளரின் ஒற்றைப் பூனை ஓர் இனத்தையே தின்று தீர்த்தது என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். பூனை ஒன்றல்ல, பல என்று பிற்கால ஆய்வு திருத்தியது. அந்தக் குருவி இருந்தது என்றே உலகுக்குத் தெரிந்ததற்குக் காரணம், கலங்கரை விளக்க உதவியாளர் டேவிட் லயால் பூனை கொண்டுவந்து போட்ட உடல்களை எடுத்து அனுப்பியது. அதையும் மக்கள் பதிவு என்றுதான் சொல்ல வேண்டும், காலம் தாழ்ந்து வந்தது என்றாலும்.

தீவுக்குப் பூனை நீந்திப் போவதில்லை. படகில் வலைக்கு நடுவே போகும், அல்லது யாராவது கொண்டுபோய் விடுவார்கள். எனவே மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பொறுத்தவரை தகவல் தரக்கூடியவர்கள் அங்கே ரோந்து போகும் வனக் காவலர்களும் அக்கம்பக்கத்தில் வலைவிரிக்கும் மீனவர்களும்தான். பூனையை நேரில் காண வேண்டும் என்றில்லை. மணலில் நகம் பதியாத நாலுவிரல் தடம் போதும்; நாயும் கீரியும் நடந்தால் நகம் பதியும்.

குலசையில் இன்னொரு வகை வேலியும் எழுகிறது. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கான நிலம் இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல். ஆள் நடமாட்டம் குறையும் நிலம் காட்டுயிருக்குப் புகலாவது முதல் ஏவுதளம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் கண்டதுதான். கட்டுமானக் காலத்தில் நிலைமை நேர்மாறாக இருக்கும்: தொழிலாளர் குடியிருப்பு, சமையற்கூடம், குப்பைமேடு, அவற்றைத் தேடிவரும் எலி, எலிக்குப் பின்னால் பூனை. வேலி முழுதாக மூடும் முன்பே உள்ளே எத்தனை வீட்டுப் பூனை, எத்தனை காட்டுப்பூனை என்று தானியங்கிக் கேமரா வைத்துப் பார்த்துவிட்டால் பின்னால் ஒப்பிட ஓர் அடிக்கணக்கு இருக்கும். கட்டுமானம் முடிந்து குடியிருப்பு காலியாகும்போது பூனைகள் விடப்பட்டுப் போவதும் வழக்கம். காதுக்குறி இல்லாத, ஆளைக் கண்டு ஓடாத பூனைகள் தேரியோரப் பதிவுகளில் திடீரென்று கூடினால் அது பிறந்து பெருகியதல்ல, விட்டுப்போனது. அப்போது தகவல் போக வேண்டிய இடம் வனத்துறையைவிட ஒப்பந்ததாரரின் அலுவலகம்.